செருகுபலகையும் தாங்குபலகையும்

வால்வு பொருத்திய பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்த நேயர்கள், அதன் வால்வுகள் பற்றாசினால் ஒட்டப்படாமல் குழிகளிற் செருகப்பட்டிருந்தமையை அறிவர். வால்வு விரைவில் தேயும். பெட்டியின் மற்றைய உறுப்புக்களிற் பல நெடுங்காலம் உழைக்கும். ஆதலின், தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைச் செருக வழி செய்யப்பட்டது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழக்குக்கு வந்த எட்டூசி வால்வின் அடியில், நடுவே ஒரு தண்டும் அத்தண்டிலே ஒரு புடைப்பும் இருந்தன. குழியிலுள்ள வெட்டோடு அப்புடைப்புப் பொருந்தினாலன்றி வால்வு உள்ளே இறங்காது. இருட்டிலே தடவிச் செருகினும் பிழை நேராதபடி அமைந்த ஏற்பாடு அது.

அவ்வெண்ணம் இன்று வேறோர் உருவில் வழங்குகின்றது. நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லினுள் அடங்கிய சிறு கணினி. நீர்த்தாங்கி நிறைந்ததை அறிந்து பம்பியை நிறுத்துதல் போன்ற வேலைகளை அது செய்யும். அச்சில்லையும் அதற்கு வேண்டிய துணையுறுப்புக்களையும் ஏந்திய சிறு பலகையைச் செருகுபலகை எனலாம். அதனைத் தன் மீது ஏற்று, அதன் ஊசிகளை வெளியிலுள்ள உணரிகளோடும் ஆளிகளோடும் மின்வழங்கலோடும் இணைக்கும் பெரிய பலகையே தாங்குபலகை. செருகுபலகையைக் கடையில் வாங்கலாம். தாங்குபலகையை அவரவர் தேவைக்கேற்ப வரைந்து செய்வித்தல் வேண்டும். செம்பில் ஒருமுறை பொறித்தபின் அதனைத் திருத்துதல் எளிதன்று. ஆகவே வரையும்பொழுதே சிந்திக்க வேண்டியவை சில உள.

இங்கிலாந்தைச் சேர்ந்த ராஸ்பெரி பை நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட பிக்கோ என்னும் செருகுபலகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் நீளம் 51 மில்லிமீற்றர்; அகலம் 21 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 20 ஆக 40 ஊசிகளுக்கு அதில் இடமுண்டு. அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடைத்தூரம் 2.54 மில்லிமீற்றர், அஃதாவது அங்குலத்தின் பத்திலொரு பங்கு. இரு வரிசைகளுக்கும் இடைத்தூரம் 17.78 மில்லிமீற்றர். இவ்வளவுகளில் ஒன்று பிசகினும் செருகுபலகை குழியில் இறங்காது.

பிக்கோவை இருவகையாகத் தாங்குபலகையில் ஏற்றலாம். அதன் ஓரங்களில் அரைவட்டமாக வெட்டிய துளைகள் இருத்தலால், தாங்குபலகையின் மேல் நேரே வைத்துப் பற்றாசு பிடிக்கலாம். அதிர்ச்சி மிக்க இடத்துக்கு இது தக்கது; எனினும் பழுதுற்றபொழுது கழற்றுதல் கடினம். ஊசி வைத்துக் குழியிற் செருகினால் ஒரு நொடியில் மாற்றலாம். ஆயின் செருகுதலுக்கு ஓர் ஆபத்து உண்டு. எட்டூசி வால்வுக்கு இருந்த புடைப்புப் பிக்கோவுக்கு இல்லை. தலைமாறிச் செருகினும் அது குழியில் இறங்கிவிடும்.

அங்ஙனம் இறங்கினால் நிகழ்வது யாது? 38ஆம் ஊசிக்குரிய இடத்தில் 18ஆம் ஊசி வந்து நிற்கும். இரண்டும் புவி ஊசிகளே. ஆகவே மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி தடைப்படுவதில்லை. ஆனால் மின்வழங்கலுக்குரிய 39ஆம் ஊசியின் இடத்தில், சைகைக்குரிய 19ஆம் ஊசி நிற்கும். 3.3 வோல்ற்றுக்கென அமைந்த அவ்வூசியிலே ஏறத்தாழ 5 வோல்ற்றுப் பாயும். சில்லு அழிந்துபோகக் கூடும். இதனைத் தடுக்கும் வழி பழையதும் எளியதுமாகும். பயன்படாத ஓர் ஊசியைத் தெரிந்து அதனை வெட்டிவிட்டு, அதற்கு நேரான குழியையும் அடைத்துவிட்டால், தலைமாறிய பலகை உள்ளே இறங்காது. வால்வின் புடைப்பு செய்த வேலையை அந்த அடைத்த குழி செய்யும்.

அடுத்தது மின்வழங்கல். பிக்கோவின் 40ஆம் ஊசி, யூ.எஸ்.பி. வடத்தினால் வரும் 5 வோல்ற்றோடு நேரே இணைந்தது. தாங்குபலகையின் மின்வழங்கலையும் அதே ஊசியில் இணைத்துவிட்டு, பின்னொரு நாள் நிரலை மாற்றுவதற்காக வடத்தைச் செருகினால், ஒரு வழங்கல் மற்றதை எதிர்த்துத் தள்ளும்; கணினிக்கும் தீங்கு நேரலாம். ஆதலின் வெளி வழங்கலை ஒரு ஷொட்கி இருவாயியினூடாக 39ஆம் ஊசிக்குக் கொடுத்தல் முறை. 40ஆம் ஊசியிலிருந்து 39ஆம் ஊசிக்கு வரும் வழியிலே பிக்கோவில் அத்தகைய இருவாயி ஒன்று முன்னரே உண்டு. இரண்டும் ஒருவழிக் கதவுகள் போல் நின்று, வலிமை மிக்க வழங்கலை மாத்திரம் உள்ளே விடும்.

2022இல் வந்த பிக்கோ டபிள்யூ வானலைத் தொடர்பும் உடையது. யூ.எஸ்.பி. வாயிலுக்கு எதிர்முனையில் அதன் ஏரியல் பலகையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதன் கீழே செப்புப்படலம் விரிந்திருந்தால் அலை மங்கும். ஆகவே அம்முனையைத் தாங்குபலகையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, அதன் கீழும் அருகிலும் உலோகமின்றி விடுதல் வேண்டும்.

இப்புதிய பலகையிலும், 2024இல் வெளிவந்த பிக்கோ 2 பலகையிலும் 40 ஊசிகளின் ஒழுங்கு மாறவில்லை. அதனால் 2021இல் வரைந்த தாங்குபலகை அவற்றையும் ஏற்கும். ஆனால் முதற் பிக்கோவின் ஓரத்தில் இருந்த சோதனைப் புள்ளிகள், பிக்கோ டபிள்யூவில் ஏரியலுக்கு இடம் விட்டு நடுப்பக்கம் நகர்ந்தன. அப்புள்ளிகளை நம்பித் தாங்குபலகை வரைந்தோருக்கு அவ்வசதி பயன்படாது போயிற்று. யாவரும் சார்ந்து நிற்கும் ஊசிகளை மாத்திரம் சார்ந்து வரைதலே நெடுங்காலத்துக்கு ஏற்றது.

பலர் சார்ந்துவிட்ட ஓர் அளவு எத்துணை உறுதியாக நின்றுவிடும் என்பதற்கு, 2005இல் இத்தாலியிலே தோன்றிய ஆர்டுயினோ வகைப் பலகைகள் சான்றாகும். அவற்றில் 7ஆம் 8ஆம் சைகை ஊசிகளுக்கு இடைத்தூரம் 0.16 அங்குலம்; மற்றைய ஊசிகளின் 0.1 அங்குல ஒழுங்கிற்கு அது பொருந்தாது. எனினும் அவ்வளவை நம்பி ஆக்கிய மேற்பலகைகள் பலவாதலின், பின்வந்த யூனோ பலகையிலும் அதுவே தொடர்ந்தது.

ஆகவே வரைபடத்தைச் செய்விக்க அனுப்புமுன், அதனை உண்மை அளவிலே தாளில் அச்சிட்டு, செருகுபலகையை அதன் மேல் வைத்துப் பார்த்தல் நன்று. ஊசிகள் பொருந்துகின்றனவா, வடம் செருக இடமுண்டா, ஏரியலின் கீழ் வெறுமையா என ஒவ்வொன்றாக நோக்குக. பிறகு பலகையைத் தலைமாற்றி வைத்து, அப்பிழை தடுக்கப்பட்டுள்ளதா எனவும் நோக்குக. சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் பம்பி நிற்காமல் ஓட, அப்பெட்டியைத் திறப்பவர் வரைந்தவராக இருக்கமாட்டார். அவரிடம் விளக்கப்படமும் இராது. பழைய பலகையைக் கழற்றிப் புதியதை அவர் ஐயமின்றிச் செருகக்கூடுமாயின், தாங்குபலகை தன் கடமையைச் செய்ததாகும்.