துயிலும் கணனியும் துயிலாத் தேக்ககமும்

மடிக்கணனியின் மூடியைச் சாத்தியதும் அதன் உறுப்புக்கள் யாவும் ஒருங்கே உறங்கிவிடுகின்றன என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. உறக்கத்திற்கும் ஓர் ஒழுங்கு முறையுண்டு. அது பிறழின் நினைவகத்திலுள்ள தரவுகள் கெடவும், கணனி விழித்தெழாது போகவும் கூடும்.

தேக்ககத்தினுள்ளே கட்டுப்படுத்தி என்னும் சிறு செயலியொன்று உளது. மத்திய செயலி ஒவ்வொரு தரவையும் ஏந்திச் செல்ல வேண்டுவதில்லை. கட்டுப்படுத்தியே முதன்மை நினைவகத்தை நேரே அணுகி எழுதவும் வாசிக்கவும் செய்யும். இதனை நேரடி நினைவக அணுகல் என்பர்.

2011ஆம் ஆண்டில் என்.வி.எம்.இ என்னும் நியமம் வெளிவந்தது. 2014இல் வெளிவந்த அதன் 1.2ஆம் பதிப்பு கணனியின் நினைவகத்தில் ஒரு பகுதியைத் தேக்ககத்துக்கு இரவலாக வழங்க இடமளித்தது. விலைகுறைந்த எஸ்.எஸ்.டிகள் பலவற்றில் தனி நினைவகம் இல்லை. எத்தரவு எவ்விடத்தில் உளது என்னும் அட்டவணையின் பகுதிகளை அவை இவ்விரவல் இடத்தில் வைத்துக்கொள்கின்றன. பண்டசாலைக் காவலன் தன் கணக்கேட்டை முதலாளி வீட்டு அலுமாரியில் வைத்திருப்பதைப் போன்றது இது.

இனி உறக்கத்தை நோக்குவாம். அது இருவகைப்படும். ஆழ்ந்த உறக்கத்தில் செயலிக்கு மின் நின்றுவிடும். நினைவகமோ தன்னைத்தானே புதுப்பித்துத் தரவைக் காத்துக்கொள்ளும். ஆயின் பிறர் அதனை அணுகவியலாது. இலேசான உறக்கத்திலோ தேக்ககத்துக்கு மின் நிற்பதில்லை. குறைந்த மின்னில் அது விழித்தேயிருக்கும். அந்நிலையிலும் கட்டுப்படுத்தி நினைவகத்தை நாடுவதை நியமம் தடுக்கவில்லை. நினைவகம் மறுமொழி தரும் என்பதற்கோ உறுதியில்லை. சிக்கல் பிறப்பது இங்கேதான்.

எனவே பணிசெயல் முறைமை படிப்படியாகச் செல்லல் வேண்டும். முதலிற் புதிய கட்டளைகளை நிறுத்தி, ஏற்கெனவே விடுத்தவை முடியும்வரை காத்திருத்தல். பின்னர் இரவல் நினைவகத்தை விட்டுவிடுமாறு கட்டுப்படுத்திக்குப் பணித்து, அது நிறைவேறியதென்னும் விடையைப் பெறுதல். அதன் பின்னரே உறங்கச் செய்தல். விடை வருமுன் அவ்விடத்தைப் பிறிதொரு தேவைக்கு அளிப்பின், கட்டுப்படுத்தி அங்கே எழுதி அயலார் தரவைச் சிதைத்துவிடும்.

லினக்ஸ் முறைமையில் 2021இல் செய்யப்பட்ட திருத்தமொன்று இதற்கு நற்சான்று. இலேசான உறக்கத்திற்கு முன்னும் இரவல் இடத்தைத் தவறாது மீளப் பெறுவதே அத்திருத்தம். தேக்ககத்தை முற்றாக நிறுத்துவதிலும் இது விரைவானது. விழித்தெழுந்தபின் அதே இடத்தை மாற்றமின்றித் திருப்பியளிப்பதாகவும் முறைமை அறிவிக்கலாம். அப்போது கட்டுப்படுத்தி அட்டவணையை மீண்டும் புதிதாய் அமைக்கவேண்டிய வேலை குறையும்.

நினைவகத்தில் இடங்கொடுத்தல் எளிது. கொடுத்த இடம் எப்போது திரும்பியது என்பதை ஐயமற அறிந்த பின்னரே உறங்குதல் வேண்டும். நாம் மூடியைச் சாத்தும் அந்தச் சில கணங்களில் நடைபெறுவது இவ்வெண்ணிப் பார்த்த ஒழுங்கேயாம்.