குதிரைக்கு முதல் கடிவாளம்... அவசரப்பட்டால் என்ன ஆகும்?

'இவனுக்கு ஒரு கடிவாளம் போட்டாத்தான் சரிப்படுவான்' என்று வீட்டில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால், நிஜமான குதிரைக்கு முதன்முறை கடிவாளம் போடுவது அவ்வளவு சாதாரண வேலை இல்லை.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வருகின்றன. திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்கு இங்கே குதிரை வாங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடும் குதிரையைச் சுற்றித்தான் செல்போன்கள் அதிகம் உயரும்.

அத்தனை கூட்டத்திலும் ஒரு குதிரை தலையை உதறாமல் அமைதியாக நிற்கிறது என்றால், அதற்கான பழக்கம் பல வாரங்களுக்கு முன்பே லாயத்தில் தொடங்கியிருக்கும்.

முதலில் பல் பரிசோதனை

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் மெல்லிய ஈறு, அதற்கு அடியிலேயே எலும்பு. சின்ன இழுப்புகூட அங்கே உறைக்கும்.

சுமார் இரண்டரை வயதில் பால்பற்கள் விழத் தொடங்கி, ஐந்து வயதுவாக்கில்தான் எல்லாம் மாறி முடியும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் குட்டியாக ஒரு பல்லும் முளைக்கும். இரும்பு அதில் பட்டால் வலியில் தலையைத் தூக்கும். 'முரட்டுக் குதிரை' என்று பெயர் வாங்கும் பல குதிரைகளுக்கு உண்மையில் பல்வலியாக இருக்கலாம். எனவே, கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

வெல்லம் தடவிய இரும்பு

தலைக்கயிற்றுக்குப் பழகிய குட்டிதான் கடிவாளத்துக்குத் தயார். முதல் சில நாள்கள் காது, நெற்றி, உதடு என்று தொட்டுத் தடவிக்கொடுத்தால் போதும். பிறகு வாயோரத்தில், பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை வைத்தால் குதிரை தானாகவே வாய் திறக்கும். வழவழப்பான இரும்பில் கொஞ்சம் வெல்லம் தடவி, அப்போது மெதுவாக உள்ளே விடலாம். குளிர்காலக் காலையில் இரும்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது நல்லது.

மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் காது உள்நோக்கி வளைந்திருக்கும். தலைப்பட்டையை மாட்டும்போது காதை மடக்கி இழுத்துவிட்டால், மறுநாள் தலையைத் தொடவே விடாது.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். லகான் வேண்டாம். குதிரை இரும்பை நாக்கால் தள்ளும், மெல்லும்; பழகட்டும். ஆனால், தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. கழற்றும்போது குதிரையே இரும்பை வெளியே விடும்வரை காத்திருக்க வேண்டும். வெடுக்கென இழுத்தால் பல்லில் மோதும். அந்த பயம் லேசில் போகாது.

அளவு சரியா?

* வாயின் இரு ஓரத்திலும் ஒன்றிரண்டு சுருக்கம் விழுந்தால் அளவு சரி.
* தொண்டைப் பட்டைக்குள் நான்கு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும்.
* கடிவாளத்தைப் பிடித்துக் கம்பத்தில் கட்டவே கூடாது. மிரண்டு இழுத்தால் வாய் கிழிந்துவிடும்.

முள் வைத்தால் குற்றம்

அடங்காத குதிரைக்கு முள் கடிவாளம் போடுவது சிலரின் குறுக்குவழி. 1965-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கு முள் வைத்த கடிவாளம் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. வலியால் அடக்கினால் நாளடைவில் வாய் மரத்துப்போகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் குதிரை கேட்காது.

13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும் விலை கொடுத்துக் கடல் வழியாக வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பின்றி ஏராளமாக இறந்ததை எழுதிவைத்திருக்கிறார். பணம் கொடுத்தால் குதிரை கிடைக்கும். அதைப் பழக்கும் பக்குவம் சந்தையில் விற்பதில்லை.

அடுத்த ஆடிக்கு அந்தியூர் போனால், செல்ஃபி எடுப்பதற்கு முன் குதிரையின் வாயோரத்தைக் கவனியுங்கள். புண்ணோ தழும்போ இல்லாமல் நிதானமாக இரும்பை மெல்லும் குதிரை, பொறுமையான கையில் வளர்ந்தது!