யாருடைய ஆங்கிலம்?

"எங்கட இங்கிலீசை இங்க ஆர் எடுக்கிறாங்கள்?" மோர்னிங்சைட் வட்டாரத்தில் நம்மவரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஊரில் தபாலதிபராகவும் எழுதுவினைஞராகவும் இருந்து ஆங்கிலத்திலேயே கோப்பெழுதியவர்கள்கூட, பிள்ளையின் ஆசிரியரைச் சந்திக்கப் போனால் வாய் திறப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடுகிறார்கள். இம் மௌனம் இலக்கணக் குறைவால் வந்ததல்ல என்பதே என் கருத்து.

காஷ்மீரத்திற் பிறந்து அமெரிக்காவிற் கற்பித்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, 1985 இல் உலக ஆங்கிலங்களை மூன்று வட்டங்களாக வகுத்தார். பிரித்தானியா, அமெரிக்கா, கனடா முதலியன உள்வட்டம். குடியேற்ற ஆட்சியின் வழி ஆங்கிலம் வேரூன்றிய இலங்கை, இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் முதலியன வெளிவட்டம். சீனா, ஜப்பான் போன்றவை விரிவடையும் வட்டம். வெளிவட்டத்து ஆங்கிலங்கள் பிழையான ஆங்கிலங்கள் அல்ல, தமக்கென நியமங்கள் உடையவை என்பதே அவருடைய வாதத்தின் சாரம். நாடுகளை வைத்து மனிதரை வகுப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டும் கயானாப் பெண்மணிக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி தெரியாது. அவரை எந்த வட்டத்தில் வைப்பது?

நமது ஆங்கிலத்துக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கிற்று. 1841 இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'உதயதாரகை' வெளிவந்தது. இந்த மரபில் உருவானவர்கள்தாம் பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞர்களாகப் போனார்கள்.

1857 என்ற ஆண்டு சுவையானது. அவ்வாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்கள். அதே ஆண்டில் இதே ரொறன்ரோவில், கனேடியன் இன்ஸ்ரிரியூட் சபையின் முன் கீக்கி என்ற பாதிரியார், கனடாவில் வளர்ந்துவரும் ஆங்கிலம் கெட்டுப்போன கிளைமொழி என்று முறையிட்டார். 'கனேடிய ஆங்கிலம்' என்ற பெயர் எழுத்திற் பதிவானதே அந்த ஏச்சில்தான் என்பர். இன்று அந்தக் கெட்டுப்போன மொழிதான் நம்மை அளக்கும் முழக்கோல்!

நம் பேச்சிலுள்ள 'பிழைகள்' சிலவற்றைப் பாருங்கள். விடைபெறும்போது "ஐ வில் கோ அன்ட் கம்" என்கிறோம். கேட்கும் கனேடியர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவோமென்று காத்திருப்பார். "போயிட்டு வாறன்" என்பதை அறிந்தவருக்கு அதில் மயக்கமே இல்லை. "யூ ஆர் கமிங், நோ?" என்பதில் நமது 'தானே' ஒளிந்திருக்கிறது. இவை ஒருவரின் தடுமாற்றங்கள் அல்ல, ஒரு சமூகமே ஒரே விதமாகப் பேசும் வழக்குகள். மைக்கேல் மெய்லர் 2007 இல் இலங்கை ஆங்கிலத்துக்கென ஓர் அகராதியே வெளியிட்டார்.

ஆனால் இந்த மொழியை நாம் ஊரில் எப்படிக் கையாண்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒகர ஒலிகளைப் பிசகி உச்சரித்தவர்களை 'நொட் பொட்' ஆட்கள் என்று கொழும்பு மேட்டுக்குடியினர் நையாண்டி செய்தனர். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984 இல் இப்பெயரை வைத்தே கட்டுரை எழுதினார். யாழ்ப்பாணத்தில் மட்டும் அந்த வாள் உறையில் இருந்ததா? ஆங்கிலம் படித்த வீடு, படியாத வீடு என்று சம்பந்தம் பேசியவர்கள் நாம்தான். வாளின் கைப்பிடி இங்கு வேறொருவர் கையில் இருப்பதே நம் மௌனத்தின் காரணம்.

தொழிற்சாலையில் இது தெளிவாகத் தெரியும். இயந்திரம் திருத்த வரும் ஸ்கொத்லாந்துக்காரரின் பேச்சு எவருக்கும் பாதிதான் விளங்கும். மேற்பார்வையாளர் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். நாம் பேசினால், முதல் வசனத்திலேயே "யாருக்காவது இவருடைய மொழி தெரியுமா?" என்று சுற்றிலும் பார்ப்பார். விளங்குதல் என்பது சொல்பவரின் வேலை மட்டுமல்ல, கேட்பவருக்கும் அதிற் பாதி உண்டு.

இதற்கிடையில் ஸ்காபரோவில் இன்னோர் ஆங்கிலம் பிறந்திருக்கிறது. ஜமேய்க்கரின் 'மான்டெம்', சோமாலியரிடமிருந்து வந்த 'வல்லாஹி' எல்லாம் கலந்து இளையோர் பேசுவது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் டெரெக் டெனிஸ் போன்றோர் இதைப் பல்பண்பாட்டு ரொறன்ரோ ஆங்கிலம் என்று பெயரிட்டு ஆராய்கின்றனர். 116 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் நம் பிள்ளைகளின் வாயிலேயே கேட்கலாம். வீட்டில் அதே பிள்ளை வாய்தவறி அப்படி ஒரு சொல் சொன்னால், ஆசிரியர் முன் வாய் திறவாத தகப்பன் அதட்டுகிறார்: "உதென்ன இங்கிலீசு? ஒழுங்காக் கதை!"