மைக்ரோகன்ட்ரோலரைப் பாட வைக்கும் சிப்

மெமரி கார்டில் இருக்கும் பாட்டு மைக்ரோகன்ட்ரோலருக்கு வெறும் எண் வரிசைதான். சிடி தரத்தில் ஒரு நொடிப் பாட்டுக்கு இடது பக்கத்துக்கு 44,100 எண்கள், வலது பக்கத்துக்கும் அதே அளவு; ஒவ்வொரு எண்ணும் 16 பிட். ஹெட்போனுக்கும் ஆம்பிளிஃபயருக்கும் எண் புரியாது, ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் வேண்டும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் வேலையைச் செய்வது ‘டாக்’ எனப்படும் ஒலிமாற்றிச் சிப்.

சில மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள்ளேயே சிறிய டாக் உண்டு. பரவலாகப் புழங்கும் இஎஸ்பி32-இல் இரண்டு இருக்கின்றன. ஆனால் அவை 8 பிட் மட்டுமே. 16 பிட்டில் 65,536 படிகள் கிடைக்கும் இடத்தில் இங்கே கிடைப்பவை 256. அழைப்பு மணிக்கும் குரல் அறிவிப்புக்கும் இது போதும். மெல்லிய வீணை ஒலி இரைச்சலில் கரைந்துவிடும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் உள் டாக்கும் கிடையாது, நினைவகமும் 2 கிலோபைட்தான். சிடி தரத்தில் ஒரு நொடி ஒலிக்கே 1,76,400 பைட் ஆகிறது. ஆகவே நல்ல ஒலி வேண்டுவோருக்கு இஎஸ்பி32 போன்ற ஒன்றும், வெளியே தனி டாக் சிப்பும் தேவை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்5102ஏ அதற்குப் பொருத்தமானது. சின்ன போர்டில் பொருத்தியே கிடைக்கிறது.

மைக்ரோகன்ட்ரோலருக்கும் டாக் சிப்புக்கும் நடுவே பேச்சு நடப்பது ஐ2எஸ் என்ற முறையில். பிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் இதை வகுத்தது. மூன்றே கம்பிகள்: முதலாவது பிட்டுகளுக்குத் தாளம் போடும் கடிகாரம், அடுத்தது இது இடதா வலதா என்று சொல்வது, மூன்றாவதில்தான் எண் ஓடுகிறது. இரண்டாவது கம்பி தாழ்ந்திருந்தால் இடது, உயர்ந்திருந்தால் வலது. கடிகாரம் ஏறும்போதெல்லாம் சிப் ஒரு பிட்டைப் படித்துக்கொள்ளும். சிடி தரத்துக்கு இந்த ஏற்றம் நொடிக்குக் குறைந்தது 14,11,200 முறை நிகழ வேண்டும். இடது வலது மாறிய உடனே எண் தொடங்குவதில்லை. ஒரு கடிகாரத் துடிப்பு தள்ளித்தான் அதன் முதல் பிட் வரும். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் இந்த ஒரு துடிப்பில் ஒத்துப்போகாவிட்டால் எல்லா எண்களும் ஓர் இடம் நகர்ந்து படிக்கப்பட்டு, பாட்டு கரகரவென்று சிதையும்.

இணைப்பது எளிது. இஎஸ்பி32-இன் 26-ஆம் பின்னைச் சிப்பின் பிசிகேவுக்கும் (பிட் கடிகாரம்), 25-ஐ எல்ஆர்சிகேவுக்கும் (இடது வலது), 22-ஐ டிஐஎன்னுக்கும் (எண்) கொடுக்கலாம். வேறு பின்களையும் நிரலில் ஒதுக்கிக்கொள்ளலாம். 34 முதல் 39 வரை உள்ளவை மட்டும் ஆகா, அவை உள்வாங்க மட்டுமே தெரிந்தவை. கிரவுண்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒயர்கள் குட்டையாக இருப்பது நல்லது. சிப் 3.3 வோல்ட் சிக்னலுக்கு ஆனது; 5 வோல்ட் போர்டின் சிக்னலை நேரடியாகக் கொடுத்தால் பழுதாகக்கூடும்.

பலர் மாட்டிக்கொள்வது மற்ற பின்களில். எஸ்சிகே என்ற பின் தலைமைக் கடிகாரத்துக்கானது. அதைக் கிரவுண்டில் கட்டிவிட்டால், பிட் கடிகாரத்திலிருந்தே தனக்கு வேண்டியதை இந்தச் சிப் உருவாக்கிக்கொள்ளும். அந்தரத்தில் விட்டால் இரைச்சலைக் கடிகாரமாக எண்ணித் தடுமாறும். எக்ஸ்எஸ்எம்டி பின் தாழ்ந்திருந்தால் சிப் வாயே திறக்காது, அதை 3.3 வோல்ட்டில் சேர்க்க வேண்டும். எஃப்எம்டி கிரவுண்டில் இருந்தால்தான் ஐ2எஸ் முறை. எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், நிரலைப் புரட்டுவதற்கு முன் போர்டின் பின்பக்கத்தில் இந்தப் பின்களுக்கான சோல்டர் இணைப்புகளைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

நிரலின் தலையாய கவலை நேரம். கார்டிலிருந்து தரவு விட்டுவிட்டு வரும். சிப்புக்கோ அது சீராக வேண்டும். மோட்டார் எப்போது ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வரக் காரணம் மாடித் தொட்டி. அந்த வேலையை இங்கே பஃபர் என்ற தற்காலிக நினைவிடம் செய்கிறது. டிஎம்ஏ என்ற உள்ளமைப்பு, செயலியைத் தொந்தரவு செய்யாமல் பஃபரிலிருந்து எண்களை எடுத்து அனுப்புகிறது. 256 மாதிரிகள் (இடது வலது எண் ஜோடிகள்) கொள்ளும் பஃபர் எட்டு வைத்தால் சுமார் 46 மில்லி நொடி கையிருப்பு. கார்டு அதற்கு மேல் தாமதித்தால் பாட்டின் நடுவே ‘டிக்’ என்று கேட்கும். பஃபரைக் கூட்டினால் அது நீங்கும். ஆனால் பொத்தானை அமுக்கியதும் ஒலிக்க வேண்டிய கருவிகளில் தாமதம் தெரியும்.

பிசிஎம்5102ஏ தருவது ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்க வேண்டிய 2.1 வோல்ட் சிக்னல். ஸ்பீக்கரை அதில் நேரடியாக மாட்டக் கூடாது. சிறிய ஸ்பீக்கர் ஒன்றே போதும் என்பவர்கள், டாக்கும் ஆம்பிளிஃபயரும் ஒன்றாக அமைந்த மேக்ஸ்98357ஏ சிப்பை வாங்கலாம். அதற்கும் இதே மூன்று கம்பிகள்தான்.