மனைவி மாறினாள், கணவன்?

1999-ல் வெளிவந்த இந்திப் படம் "பீவி நம்பர் ஒன்". டேவிட் தவான் டைரக்ட் செய்தது. வசூலில் வெற்றி, கதையிலோ ஏமாற்றம்!

கதாநாயகன் (சல்மான்கான்) விளம்பரக் கம்பெனி முதலாளி. அவனுக்கு அன்பான மனைவி (கரிஷ்மா கபூர்), 2 குழந்தைகள். ஆனாலும், விளம்பர அழகி ஒருத்தி (சுஷ்மிதா சென்) மீது மையல் கொள்கிறான். மனைவிக்கு விஷயம் தெரிகிறது. அவனோ வீட்டை விட்டே போய், அழகியுடன் குடியேறுகிறான்!

மனைவி சும்மா இருப்பாளா? குழந்தைகளையும் மாமியாரையும் அழகியின் வீட்டுக்கே அனுப்புகிறாள். அங்கே நடக்கும் கூத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம்.

எங்கே கோளாறு?

மனைவியும் நாகரிக உடை அணிந்து விளம்பர அழகி ஆகிறாள்! அதைக் கண்டு கணவன் மனம் தடுமாறுகிறது.

தப்புச் செய்தவன் அவன். தன்னை மாற்றிக் கொண்டவளோ அவள்! இது என்ன நியாயம்?

தமிழ்க் கதை

இது தமிழிலிருந்து போன கதைதான். 1995-ல் பாலுமகேந்திரா டைரக்ட் செய்த "சதிலீலாவதி"யே மூலம். கமலஹாசனும் கோவை சரளாவும் கோவைத் தமிழ் பேசிச் சிரிக்க வைத்தார்களே, அதே படம்!

அதில் மனைவியாக நடித்தவர் கல்பனா. அவள் பருமனாக இருப்பதால் வெட்கப்படுகிறான் கணவன் (ரமேஷ் அரவிந்த்). வேறொருத்தியை நாடுகிறான். கடைசியில் அதே பருமனான மனைவியிடம்தான் திரும்பி வருகிறான். மாறியது அவன் மனம்!

இந்திக்குப் போனபோது மனைவியின் பருமன் போயிற்று. கூடவே கதையின் உயிரும் போயிற்று!