நீளம் கேட்காத ஸ்பிரிங்

ஓசூரில் இருசக்கர வாகனங்களுக்கான பாகங்களை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். பைக்கின் சட்டத்தையும் எஞ்சினையும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் மாடலாக்கி, இரண்டையும் பிணைக்கும் ரப்பர் புஷ்களுக்குப் பதிலாக ஸ்பிரிங்குகளைப் போட்டிருக்கிறார். சட்டத்தில் ஒரு நோடு, எஞ்சினில் ஒரு நோடு, நடுவில் ஸ்பிரிங். கணக்கு தடங்கலில்லாமல் ஓடி முடிந்திருக்கிறது, ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. ஆனால் தாங்கிகளில் வரும் திருப்புத்திறனைக் கூட்டிப் பார்த்தால், தான் கொடுத்த சுமையோடு ஒத்துப்போகவில்லையாம். “விசைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. திருப்புத்திறன் மட்டும் எங்கே போகிறது?” என்று கேட்கிறார்.

கூட்டிப் பார்த்தாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். திரையில் வண்ணப்படம் வந்ததும் சிவப்பு எங்கே என்று தேடிவிட்டு, உடனே அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுகள் சந்திக்கும் நோடுகளின் நகர்வைக் கணக்கிடும் முறையை இங்கே விரிக்கப் போவதில்லை. 1943இல் ரிச்சர்ட் கூரன்ட் என்ற கணிதவியலாளர் தொட்டுக்காட்டியதை, 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வரும் விமானக் கட்டமைப்புகளுக்காக ஒரு முறையாகவே ஆக்கினார்கள். 1960இல் ரே கிளஃப் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். இன்று பாலம், பிரஷர் குக்கர், செயற்கை மூட்டு என எதுவும் இந்த முறையைத் தாண்டாமல் வெளியே வருவது அபூர்வம். நான் சொல்ல வருவது அந்த முறையிலேயே மிகச் சின்ன உறுப்பான ஸ்பிரிங்கைப் பற்றி.

இழுவைக்கு ஏற்ற விசை என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676இல் 14 எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். விடையை 1678இல்தான் சொன்னார். மென்பொருளுக்குள் அந்த விதி வெறும் நான்கு எண்களாகக் குடியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இழுக்க 500 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்றால் 500, −500, −500, 500. முதல் நோடுக்கு ஒன்று, இரண்டாவது நோடுக்கு ஒன்று, ஒன்றன் நகர்வு மற்றதைப் பாதிப்பதற்குக் குறுக்கே இரண்டு. லட்சக்கணக்கான சமன்பாடுகள் நிற்கும் பேரணிக்குள் இந்த நான்கையும் அதனதன் இடத்தில் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. உத்திரத்துக்கும் தகட்டுக்கும் தேவைப்படும் தடிமன், குறுக்குவெட்டு, உலோகத்தின் குணம் எதுவும் இதற்கு வேண்டாம்.

நாசாவுக்காக 1960களில் உருவான நாஸ்ட்ரான் மென்பொருளில் இந்த ஸ்பிரிங்கை எழுதும் வரிக்கு ‘சிஇலாஸ்2’ என்று பெயர். அது முக்கியமாகக் கேட்பவை ஆறு: உறுப்பின் எண், விறைப்பு, முதல் நோடு, அதன் திசை, இரண்டாவது நோடு, அதன் திசை. திசைகளில் 1, 2, 3 என்பவை நகர்வு. 4, 5, 6 என்பவை சுழற்சி. அபாகஸில் ‘ஸ்பிரிங்2’ என்ற உறுப்பும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கும். அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இரண்டு நோடுகளும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அது கேட்கவே இல்லை.

இந்த விஷயத்தில் என்னை இன்றுவரை இழுத்து நிறுத்தும் வினோதம் இதுதான். திரையில் இரண்டு நோடுகளுக்கு நடுவே ஸ்பிரிங் ஒரு கோடாகத் தெரிகிறது. பார்க்கிறவர் அந்தக் கோட்டின் வழியே அது இழுக்கும், தள்ளும் என்று நினைத்துக்கொள்கிறார். கணக்குக்குள் அந்தக் கோடு கிடையாது. நாம் 2 என்று எழுதியிருந்தால், கோடு எப்படிச் சாய்ந்து கிடந்தாலும், இரண்டு நோடுகளின் செங்குத்து நகர்வுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் அது பார்க்கும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

வாசகியின் மாடலில் நடந்ததை எண்களோடு பார்ப்போம். சட்டத்து நோடும் எஞ்சின் நோடும் கிடைமட்டத்தில் 100 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் செங்குத்துத் திசையில் வேலை செய்கிறது. விறைப்பு மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். இப்போது பைக் முழுவதும், சட்டமும் எஞ்சினும் சேர்ந்தே, 0.01 ரேடியன் சாய்கிறது. அரை டிகிரியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றாகச் சாய்வதால் நிஜ ரப்பர் துளிகூட நசுங்காது. ஆனால் மாடலில் ஒரு நோடைவிட மற்றது ஒரு மில்லிமீட்டர் மேலே போயிருக்கும். ஸ்பிரிங்குக்கு அது போதும். ஏறிய நோடை 500 நியூட்டன் விசையால் கீழே இழுக்கும், மற்ற நோடை அதே அளவு மேலே தூக்கும். விசைகள் இரண்டும் சமம், எதிரெதிர், கூட்டினால் பூஜ்ஜியம். அதனால்தான் விசைக் கணக்கில் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் அந்த இரண்டு விசைகளும் சேர்ந்து 50 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனை உண்டாக்குகின்றன. 150 சிசி பைக் எஞ்சின் கிராங்கில் தரும் முறுக்குவிசையே பெரும்பாலும் 12 முதல் 15 நியூட்டன் மீட்டர்தான். அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலான ஒன்று யாரும் கொடுக்காமலே மாடலுக்குள் வந்து, வண்டியைச் சாயவிடாமல் தரையோடு பிடித்து வைக்கிறது. தரையோடு எதையும் கட்டாமலே கட்டிவிட்டோம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தாங்கிகளையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தரத்தில் நிற்கும் மாடலின் அதிர்வெண்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். எதனோடும் கட்டப்படாத பொருள் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். எந்த எதிர்ப்பும் இருக்கக் கூடாது. எனவே முதல் ஆறு அதிர்வெண்கள் பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். நாலோ ஐந்தோதான் வருகிறது என்றால், ஏதோ ஒரு ஸ்பிரிங் சுழற்சியைத் தடுக்கிறது என்று பொருள். நாஸ்ட்ரானில் இதற்கென்றே ‘கிரவுண்ட்செக்’ என்ற கட்டளை இருக்கிறது. ஓட்டச் சில நிமிடங்கள்கூட ஆகாத இந்தச் சோதனையை, மாதக்கணக்கில் ஓடும் திட்டங்களில்கூடச் செய்யாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தீர்வு, இரண்டு நோடுகளையும் ஒரே புள்ளியில் வைப்பது. புஷ்ஷின் மையத்தில் ஒரே ஆயத்தொலைவுகளில் இரண்டு நோடுகள்; ஒன்று சட்டத்தோடு விறைப்பான கைகளால் இணைந்தது, மற்றொன்று எஞ்சினோடு. நடுவில் நீளமே இல்லாத ஸ்பிரிங். இடைவெளி பூஜ்ஜியம் என்பதால் பொய்த் திருப்புத்திறனுக்கு இடமில்லை. திரையில் அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. நாஸ்ட்ரானில் ‘சிபுஷ்’ என்ற உறுப்பைப் பயன்படுத்தினால், நோடுகள் தள்ளி இருந்தாலும் இடைவெளியை அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நீளமில்லாத ஸ்பிரிங்குக்கும் ஓர் எதிரி உண்டு. மெஷ் வேலை முடிந்ததும் ஒரே இடத்தில் இருக்கும் நோடுகளை ஒன்றாக்குவது வழக்கம். ‘மெர்ஜ்’ பட்டனை அழுத்தினால் புஷ்ஷின் மையத்தில் இருக்கும் இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஸ்பிரிங்கின் இரு முனைகளும் ஒரே நோடில் வந்து விழும். மேலே சொன்ன நான்கு எண்களையும் கூட்டிப் பாருங்கள், பூஜ்ஜியம். ஸ்பிரிங் இருந்த இடத்தில் இப்போது எஞ்சினும் சட்டமும் வெல்டிங் செய்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நோடுகளைத் தனிக் குழுவாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும்.

கோட்டின் வழியே மட்டும் இழுக்கும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. அபாகஸில் ‘ஸ்பிரிங்ஏ’, அன்சிஸில் ‘காம்பின்14’ உறுப்பின் நீள்வாட்டு வகை. ஷாக் அப்சார்பருக்கு, கம்பிக்கு இவை பொருத்தம். விசை கோட்டிலேயே நிற்பதால் திருப்புத்திறன் தொல்லை கிடையாது. இவற்றுக்கு நோடுகள் தள்ளித்தான் இருக்க வேண்டும். ஒரே புள்ளியில் வைத்தால் எந்தத் திசையில் இழுப்பது என்று தெரியாமல் கணக்கு நின்றுவிடும்.

சரி, அந்த 500 என்ற எண் எங்கிருந்து வந்தது? மென்பொருள் அதைச் சோதிப்பதில்லை. ஐந்து என்றாலும் ஐந்து கோடி என்றாலும் வாங்கிக்கொள்ளும். ரப்பரை மெதுவாக அழுத்தி அளந்தால் ஒரு விறைப்பு, அதிர்விலே அளந்தால் அதைவிடக் கூடுதலாக இன்னொன்று. எஞ்சின் அதிர்வைப் பார்க்கிறவர் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நடைமுறையிலோ போன வண்டியின் கோப்பிலிருந்து எண் அப்படியே இந்த வண்டிக்கு வந்துவிடுகிறது. ‘அசையக் கூடாது’ என்று நினைத்த இடத்தில் 1-க்குப் பின்னால் 20 பூஜ்ஜியங்களைப் போடுகிறவர்களும் உண்டு. கணினி ஓர் எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கங்களைத்தான் பிடித்து வைக்கும். அவ்வளவு பெரிய எண்ணோடு 500-ஐக் கூட்டினால் 500 இருந்த சுவடே இருக்காது. பக்கத்தில் உள்ள பாகங்களைப்போல ஆயிரம் மடங்கு விறைப்பு கொடுத்தாலே அந்த இடம் அசையாது.

கட்டடத் துறையில் இந்த எண்ணின் மேல் குடும்பங்களே வசிக்கின்றன. அடுக்குமாடிக் கட்டடத்தின் ராஃப்ட் அடித்தளத்தை மாடலாக்கும்போது, அதன் ஒவ்வொரு நோடுக்கும் கீழே மண்ணுக்குப் பதிலாக ஒரு ஸ்பிரிங் வைக்கிறோம். 1867இல் எமில் விங்க்ளர் தந்த யோசனை இது. மண்ணின் விறைப்பைச் சொல்லும் சப்கிரேட் மாடுலஸ் கனமீட்டருக்கு 20,000 கிலோநியூட்டன் என்றும், நோடுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருப்பதாகவும் கொண்டால், உள்ளே இருக்கும் நோடுக்கு மீட்டருக்கு 20,000 கிலோநியூட்டன் விறைப்பு. ஓரத்து நோடு பாதிச் சதுரத்தைத்தான் தாங்குகிறது, அதற்கு 10,000. மூலையில் கால் சதுரம், அங்கே 5,000. எல்லா நோடுக்கும் ஒரே எண்ணை ஒட்டிவிட்டுப் போகும் மாடல்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைச் சரியாகச் செய்தாலும் ஒரு குறை தங்கும். விங்க்ளரின் ஸ்பிரிங்குகள் தனித்தனி. ஒன்று அமுங்குவது பக்கத்தில் இருப்பதற்குத் தெரியாது. மண் அப்படியில்லை. எங்கள் பாட்டி வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் நடுவில் பெரியவர் யாராவது உட்கார்ந்தால், ஓரத்தில் தூங்கும் குழந்தையும் அவர் பக்கமாகச் சரிந்து உருளும். மண்ணும் அந்தக் கட்டிலைப்போலப் பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் இறங்கும். அதனால் சீரான சுமை தாங்கும் அடித்தளம் களிமண்ணில் தட்டுபோல நடுவில் அதிகமாக இறங்குகிறது. ஒரே சீரான ஸ்பிரிங்குகளின் மேல் வைத்தாலோ எங்கும் ஒரே அளவு இறங்கி, வளையவே வளையாது. வளையாத கான்கிரீட்டுக்குக் கம்பி எதற்கு என்று மாடல் சொல்லும். இதை ஈடுகட்டத்தான் அனுபவமுள்ளவர்கள் ஓரத்து மாடுலஸை நடுவில் உள்ளதைவிடக் கூட்டி வைக்கிறார்கள்.

மாடுலஸ் என்பது மண்ணின் நிலையான குணமும் அல்ல. 1955இல் மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி தெளிவாக எழுதி வைத்தார்: மணலில் ஓரடித் தகட்டை அழுத்திப் பெற்ற மதிப்பு, அகலமான அடித்தளத்துக்குப் போகும்போது நாலில் ஒரு பங்கு வரை குறையும். தகட்டுச் சோதனையின் எண்ணை அப்படியே ராஃப்ட்டுக்குப் போடுவது தவறு. எந்த மண்ணில் எடுத்தது என்றே தெரியாத ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுவது அதைவிட மோசம். மூன்று நாள் சான்றிதழ் வகுப்புகளில் எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று சொல்லித் தருகிறார்கள். ஸ்பிரிங் எண்ணை யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

மண் சோதனை முழுதாகக் கையில் இல்லாதபோது செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொடுத்த விறைப்பைப் பாதியாக்கி ஒரு முறையும், இரட்டிப்பாக்கி ஒரு முறையும் கணக்கை ஓட்டுங்கள். இரண்டிலும் ராஃப்ட்டுக்கு வேண்டிய கம்பியின் அளவு பெரிதாக மாறவில்லை என்றால் அந்த எண்ணோடு மேலே போகலாம். மாறினால், கான்கிரீட் லாரி வருவதற்கு முன்னால் மண் பொறியாளரை வரவழைக்க வேண்டும்.