தோட்டத்துப் படங்கள் பேரப்பிள்ளை கைக்குப் போய்ச் சேர

மெர்போக், பீடோங் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த பலர் இன்று சுங்கைப் பட்டாணித் தாமான்களில் இருக்கிறார்கள். லயத்து வீடு, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பாட்டி பாடிய தாலாட்டு எல்லாம் யாரோ ஒருவருடைய கைப்பேசியிலோ பழைய கணினியிலோ கிடக்கின்றன. இருபது வருடம் கழித்தும் அவற்றைத் திறக்கவும் படிக்கவும் அடையாளம் காணவும் முடிய வேண்டும். அதற்கு ஐந்து வேலைகள்.

மூன்று படிகள்

ஒரு கோப்புக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருக்கட்டும்; ஒரு படி வேறு ஊரில். வன்தட்டு பழுதாகும். பென்டிரைவ் பல வருடம் மின்சாரமே படாமல் கிடந்தால் பதிந்ததை மெல்ல இழக்கலாம். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் அடிவாரத்து வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி ஒரு நாள் வந்தால், கணினியும் அதே மேசையில் இருக்கும் நகலும் சேர்ந்தே போகும். ஆகவே ஒரு படி பினாங்கு உறவினரிடம் இருக்கட்டும். தீபாவளிக்கு அவர் வரும்போது திறந்து பார்த்து, புதியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

மூலப்படம்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது; எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். எடுத்தவரிடமே மூலத்தைக் கேளுங்கள். அவர் அதை ‘ஆவணம்’ என்று இணைத்து அனுப்பினால் அப்படியே வரும்.

பழைய தமிழ்க் கோப்புகள்

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியதால், இங்கே கணினித் தமிழ் சீக்கிரமே வந்தது. ஆனால் அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்குரிய கணினிக் குறியீட்டு எண்களிலேயே தமிழை உட்கார வைத்தன. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோயில் மலரும் கூட்டக் குறிப்பும் வெறும் குறிகளாகத் தெரியும். உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு தமிழுக்கெனத் தனி எண்களை வைத்திருக்கிறது. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய குறியீட்டில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. நீங்களும் மாற்றி மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துருவை உட்பொதித்த ஒரு பிடிஎஃப் படியும் வையுங்கள்.

குறிப்பு

பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடங்களை 1930களில் ஆராய்ந்த குவாரிட்ச் வேல்ஸ், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து விவரம் எழுதினார்; அது 1940இல் அச்சானது. சுங்கை பத்துவில் 11ஆம் எண் கோயில் இடம் 2013இல் இடிக்கப்பட்டபோது, போனது எது என்று சொல்ல அந்த எண் இருந்தது. உங்கள் கோப்புறையிலும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும்: வருடம், தோட்டம், நிகழ்ச்சி, இடமிருந்து வலமாக நிற்பவர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

சாவி

படங்கள் இணையக் கணக்கில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரில் அந்த வேலையைத் தொடங்கியது. கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதை அதன் அமைப்பிலேயே குறிக்கலாம். ஆப்பிளிலும் இதுபோன்ற வசதி உண்டு. கணக்கைத் திறக்கும் வழி வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. கணினி இன்னொன்று வாங்கலாம், கோப்பையும் பிறகு மாற்றலாம். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் போய்விட்டால் வேறு வழியில்லை. அதனால் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.